அக்காவின் கடுதாசிகள்

1960-களில் நான் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தேன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அந்தப் படிப்பு தொடர்ந்தது. வீடு தென்காசியில். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட அக்காதான் வீட்டுச் சேதிகளை எழுதுவாள்.

"சாரல் விழுந்துட்டு. ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். நம்ம பசு கன்னு போட்டிருக்கு" என்று ஆரம்பிப்பாள். இன்லண்டு லெட்டரின் ஓரத்து மடிப்பில்கூட இடம் விடமாட்டாள். அப்போது காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் பிளந்து மொட்டையாக நின்றது. அதன் உச்சியில் முளைத்திருந்த செடியைப் பற்றியும் எழுதுவாள்.

பதினைந்து வயதுத் திமிரில் ஒருமுறை அவளுக்கு முழுக்கப் பிரெஞ்சில் பதில் எழுதிவிட்டேன். மறு கடுதாசி வந்தது. "ஏலே, நீ எழுதினத வாசிக்க இங்க ஆள் இல்ல. போஸ்ட் மாஸ்டர்ட்டயும் காட்டிட்டேன். உனக்குச் சொகமா இல்லியோன்னு அம்மா ரெண்டு நாளா சாப்பிடல" என்று எழுதியிருந்தாள். அன்றே தமிழில் எழுதிப் போட்டேன்.

பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் அதே புதுச்சேரியில் இருந்தவர். 1918 ஆகஸ்டில் தம்பி விசுவநாதனுக்கு எழுதிய கடிதத்தில், இனி ஆங்கிலத்தில் எழுதவேண்டாம் என்கிறார். தமிழ் கொச்சையாக இருந்தாலும் தமக்கு அது போதுமாம். அதுவும் வராவிட்டால் சமஸ்கிருதத்தில் எழுதச் சொல்கிறார். இத்தனைக்கும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் அறிந்தவர். அந்த நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, கடலூரில் கைதாகி, டிசம்பரில் விடுதலையானதும் அவர் வந்து சேர்ந்த இடம், எங்கள் தென்காசிக்குப் பக்கத்துக் கடையம். செல்லம்மாள் பிறந்த ஊர். இந்தக் கடிதத்தை நான் படித்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

புதுச்சேரியில் இருந்துகொண்டு உடன்பிறப்புக்குப் பாரதி எழுதியது ஒரு மாதிரி, நான் எழுதியது ஒரு மாதிரி. அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவருக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா, அவ எழுதப் படிக்கத் தெரிஞ்சவளான்னு பாரு" என்றாள். பாரதியாருக்கு லட்சுமி என்று ஒரு தங்கை உண்டு. அவர் எழுதிய கடிதம் எதையும் நான் கண்டதில்லை.

1990-இல் கோபுரம் புதிதாக எழும்பிக் கும்பாபிஷேகம் நடந்தது. அந்தச் சேதியும் அக்கா கையெழுத்தில்தான் வந்தது. ஓரத்து மடிப்பு வரை நெருக்கி எழுதியிருந்தாள்.