கருக வாட்டின மீனும் ஒரு கடல் தடையும்

ஒரு சமையல் குறிப்பு ஒரு மீன் இனத்தையே ஆட்டிப் பார்க்குமா? பார்த்திருக்குங்க.

1980களின் தொடக்கத்துல, நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருடோம், ரெட்ஃபிஷ் மீனை வெண்ணெயில முக்கி, மசாலா தடவி, காய்ஞ்ச இரும்புச் சட்டியில கருக வாட்டிக் கொடுத்தார். அமெரிக்கா முழுக்க ஒரே கிராக்கி. மெக்ஸிகோ வளைகுடாவுல முட்டையிடற பெரிய மீன்களை வலைப்படகுகள் கூட்டம் கூட்டமா அள்ளின.

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடறவங்க 1977லயே ஹூஸ்டன்ல சங்கம் வெச்சிருந்தாங்க. டெக்சாஸ் 1981லயே தன் கடல்ல பிடிச்ச ரெட்ஃபிஷை விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருந்தது. ஆனா கரையை விட்டுத் தள்ளியிருக்கற மத்திய அரசுக் கடல்?

அதுக்குத்தான் 1976 சட்டப்படி அமைஞ்ச எட்டு வட்டார மீன்வள மன்றங்கள். தூண்டில்காரர், வலைக்காரர், அதிகாரி எல்லாரும் உறுப்பினரா இருக்கலாம். கூட்டத்துல பொதுஜனமும் எழுந்து பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். மன்றம் பரிந்துரைக்கும், ஒப்புதல் வர்த்தகத் துறையோடது.

1986ல அவசர விதி வந்து வலைப்பிடிப்பு நின்னுது. அதை நம்பிப் பிழைச்சவங்களுக்குப் பெரிய அடி. தூண்டில்காரங்களுக்கு வெற்றியா? முழுசா இல்லை. 1988லிருந்து அந்த மத்திய அரசுக் கடல்ல தூண்டில்ல மாட்டின ரெட்ஃபிஷையும் திருப்பி விட்டாகணும். இன்னிக்கும் அதே விதிதான். கரையோரத்துல மட்டும், மாநில வரம்புக்குள்ள பிடிக்கலாம்.

அடுத்தவனுக்குக் கட்டுப்பாடு கேட்டுக் கூட்டத்துக்குப் போனா, திரும்பி வரும்போது நம்ம கையிலயும் ஒண்ணு இருக்கும். மீன் பிழைச்சது அதனாலதான்னு தோணுது.