வட்டம்

சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ, தமிழ்நாட்டில் எதை வாங்கினாலும் அதில் மூன்று சொற்கள் தவறாமல் இருக்கும்: மாவட்டம், வட்டம், கிராமம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மாநிலத்தை இதே வரிசையில்தான் பிரித்துக்கொள்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 32 மாவட்டங்கள், 215 வட்டங்கள், 15,979 வருவாய்க் கிராமங்கள், 1,097 நகரங்கள் என்று பிரிந்து நின்றது. இவற்றில் பெரும்பாலான கோடுகளைக் கணக்கெடுப்புத் துறை போடவில்லை. நிலவரி வசூலுக்காக வருவாய்த் துறை போட்டு வைத்திருந்த கோடுகளை அது அப்படியே எடுத்துக்கொண்டது. தலைகளை எண்ணும் வேலைக்கு வரி எல்லைகள் எப்படி வந்து சேர்ந்தன என்பதை அறிய, வட்டம் என்ற சொல்லைப் பின்தொடர்ந்து போனால் போதும்.

குறுவட்டம், வட்டம், மாவட்டம். ஒரே சொல்லுக்கு முன்னால் 'குறு', 'மா' என்ற அடைகளைச் சேர்த்து மூன்று அடுக்குகளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு அலுவலகத் தமிழில் நிலைபெற்ற பெயர்கள் இவை. அரசு உருவாக்கிய சொற்களில் இவ்வளவு கச்சிதமாக அமைந்தவை அதிகமில்லை என்பது என் எண்ணம். இவற்றுக்கு முன் அந்த இடங்களில் இருந்தவை பிர்க்கா, தாலுகா, ஜில்லா. மூன்றும் அரபு மொழியில் பிறந்து, பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வருவாய்க் கணக்குகளோடு தெற்கே வந்தவை.

ஜில்லாவின் மூலச்சொல்லுக்கு விலா எலும்பு, பக்கம் என்று பொருள். தாலுகாவின் மூலத்துக்குத் தொங்குதல், ஒட்டியிருத்தல், சார்ந்திருத்தல் என்று பொருள். ஒருவருடைய பொறுப்பைச் சார்ந்து கிடக்கும் நிலம் தாலுகா. பிர்க்காவின் மூலமான 'ஃபிர்க்கா'வுக்குப் பிரிவு, கூட்டம் என்று பொருள். தமிழ் நாவில் ஃபகரம் பகரமானது. இந்தச் சொல் சென்னை மாகாணத்தில் ஆழமாக வேரூன்றியது. 1946இல் மாகாண அரசு தொடங்கிய கிராம முன்னேற்றத் திட்டத்துக்கே பிர்க்கா வளர்ச்சித் திட்டம் என்றுதான் பெயர். இன்றும் ஊரில் குறுவட்டம் என்பவர் குறைவு. வருவாய் ஆய்வாளர் 'எந்த பிர்க்கா?' என்றுதான் கேட்பார். ஜில்லா மட்டும் வழக்கொழிந்துவிட்டது.

வட இந்தியாவில் பல மாநிலங்களில் தாலுகாவின் இடத்தில் தஹ்சீல் என்ற சொல் இருக்கிறது. அதற்கு நேர்ப்பொருளே வசூல். நாம் இன்றும் சொல்லும் தாசில்தார் அந்த வசூலுக்குரியவர். ஆந்திரத்தில் அந்த அடுக்கு மண்டலம். ஒடிசாவிலோ கணக்கெடுப்பு காவல் நிலைய எல்லையைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு மாநிலமும் தன் பழைய நிர்வாகத்தில் எது வலுவாக இருந்ததோ அதைக் கொடுத்தது. நம்மிடம் வலுவாக இருந்தது வருவாய்த் துறை.

அரபுச் சொற்கள் வருவதற்கு முன்பே இங்கு நிலத்துக்குப் பிரிவுகள் உண்டு. மண்டலம், வளநாடு, கோட்டம், கூற்றம், நாடு என்ற பெயர்கள் கல்வெட்டுகளில் நிறைந்து கிடக்கின்றன. மண்டலம் வட்டத்தைக் குறிக்கும் வடசொல். கோட்டம் என்பது கோடுதல், அதாவது வளைதல், என்ற வினையிலிருந்து வருவது. ஆக, வட்டம் என்று பெயர் வைத்தவர்கள் அறிந்தோ அறியாமலோ ஒரு பழைய வழக்கத்தைத்தான் தொட்டிருக்கிறார்கள். நடுவில் ஓர் ஊர், சுற்றிலும் அதற்கு உட்பட்ட நிலம் என்ற பார்வை இவற்றில் இருக்கிறது. கூற்றம் வேறு வகை. கூறுபோட்டதால் வந்த பெயர். பொருளில் அது பிர்க்காவுக்கு உடன்பிறப்பு. தொண்டை மண்டலத்து 24 கோட்டங்களில் புழல் கோட்டமும் புலியூர்க் கோட்டமும் இன்றைய சென்னைப் பரப்பில் அடங்கும். இன்றைய நிர்வாகத்தில் கோட்டம் மீண்டும் உயிர்பெற்று, சில வட்டங்கள் சேர்ந்த வருவாய்க் கோட்டமாக, கோட்டாட்சியரின் ஆளுகையில் இருக்கிறது. கணக்கெடுப்பு அந்த அடுக்கைப் பயன்படுத்துவதில்லை. மாவட்டத்திலிருந்து நேரே வட்டத்துக்கு இறங்கிவிடும்.

பழைய நாடு என்பது இன்றைய வட்டம் போன்றதல்ல. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் நூலில், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்து நாடுகளின் பரப்பை மீட்டெடுத்தார். நாடு என்பது உழவை ஒட்டித் தானாகக் கூடிய ஊர்த்தொகுதி என்பதும், ஆறு நடுவே ஓடினாலும் இரு கரை ஊர்களும் ஒரே நாடாக இருக்க முடியும் என்பதும் அதில் தெரிந்தன. அதற்கு மேலே முதலாம் இராசராசன் வளநாடுகளை வகுத்தபோது ஆறுகளும் வாய்க்கால்களும் எல்லையாயின. நாடு மக்கள் வாழ்ந்து உண்டானது. வளநாடு அரசு கோடு கிழித்து உண்டாக்கியது. தஞ்சாவூரின் அன்றைய முகவரியில் இரண்டும் அடுத்தடுத்து வரும்: பாண்டிகுலாசனி வளநாடு, தஞ்சாவூர்க் கூற்றம், தஞ்சாவூர். அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கும் இந்த வரிசையைத்தான் இன்றைய சான்றிதழும் பின்பற்றுகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணம் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களை எண்ணிப் பார்த்தது. 1871இல் முறையான கணக்கெடுப்பு நடந்தது. எண்ணுவதற்கென்று தனி ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? ஊரில் எழுதத் தெரிந்தவர், வீடுவீடாக ஆட்களை அறிந்தவர் கர்ணம். அவருக்கு மேலே தாசில்தார். வரிக்கணக்கு மேலே போன அதே ஏணியில் குடிமதிப்பும் ஏறியது. குடிமதிப்பு என்பதுதான் அன்றைய சொல். தமிழ் விவிலியத்தில் அது இன்றும் நிற்கிறது. இலங்கைத் தமிழர் தொகைமதிப்பு, குடிசன மதிப்பு என்று அந்த 'மதிப்பை' விடாமல் வைத்திருக்கிறார்கள். நாம் கணக்கெடுப்புக்கு மாறிவிட்டோம். கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகும் ஏணி மாறவில்லை.

அந்த ஏணியின் கடைசிப் படி வருவாய்க் கிராமம். நாம் பேச்சில் சொல்லும் ஊர் வேறு, வருவாய்க் கிராமம் வேறு. அளந்து கல் நட்டு, புல எண்கள் கொடுத்து, எல்லை குறித்த நிலப்பரப்பே வருவாய்க் கிராமம். அதற்குள் நாலைந்து குடியிருப்புகள் இருக்கலாம். பத்திரங்களில் அவற்றை மஜரா என்று எழுதுவார்கள். மூலச்சொல்லுக்கு விளைநிலம் என்று பொருள். ஒரு மஜராவில் ஆயிரம் பேர் வாழ்ந்தாலும் கணக்கெடுப்பு அட்டவணையில் அதன் பெயர் வராது. அதற்குத் தலைகீழாக, ஆளே இல்லாத கிராமத்துக்கு அட்டவணையில் தனி வரி இருக்கும். வருவாய்க் கணக்கில் அப்படிப்பட்ட ஊருக்குப் பேச்சிராக் என்று பெயர். பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத, 'சிராக்' என்றால் விளக்கு. விளக்கில்லாத ஊர்! வரிக்கணக்கின் வறண்ட பக்கங்களில் இப்படி ஒரு சொல்லை எழுதி வைத்தவரை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது. மக்கள் போய்விட்டாலும் நிலம் அங்கேதான் இருக்கிறது என்பதால் அந்த ஊரை வருவாய்த் துறை கைவிடவில்லை. அந்த எல்லையை எடுத்துக்கொண்ட கணக்கெடுப்பும் கைவிடவில்லை.

கணக்கெடுப்பு தானே போட்ட கோடுகள் என்று பார்த்தால், முதலில் வருவது ஒரு கணக்கெடுப்பாளர் பார்க்கும் பகுதி. அலுவலர்கள் அதைப் பிளாக் என்பார்கள். ஏறத்தாழ 600 முதல் 800 பேர் வாழும் பரப்பு. பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் அது ஒப்படைக்கப்படும். 2011 வரை அவர் தெருத்தெருவாக நடந்து கையால் படம் வரைந்தார். கெட்டிச் சுவர் வீட்டுக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம். வடமேற்கு மூலையில் எண்ணைத் தொடங்கித் தென்கிழக்கில் முடித்தார். ஒரு வீடும் இரண்டு படங்களில் வரக் கூடாது, ஒரு வீடும் விடுபடக் கூடாது. மாநிலத்தின் மொத்த எண்ணிக்கையும் இந்தச் சதுர முக்கோணங்களின் மேல்தான் நின்றது.

இன்னொன்று கணக்கெடுப்பு நகரம். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே. மூன்றும் அமைந்தால், ஊராட்சியாகவே இருந்தாலும் கணக்கெடுப்பு அந்த ஊரை நகரமாக எழுதும். 2001இல் தமிழ்நாட்டில் இத்தகைய ஊர்கள் 111, 2011இல் 376. அரசின் பெயர்ப்பலகையை நம்பாமல் வாழ்க்கையைப் பார்த்துப் பெயர் வைக்கும் இந்த முறை அவசியமானது. பெயர்ப்பலகை எவ்வளவு எளிதில் மாறும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2004இல் 566 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கப்பட்டன. 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. அந்த ஊர்களின் தெருவும் கடையும் அப்படியேதான் இருந்தன.

வட்டங்களும் நிலையானவை அல்ல. 2011க்குப் பின் வட்டங்கள் உடைந்து பெருகின, மாவட்டங்கள் 38 ஆயின. அதனால்தான் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் முன்னால் எல்லைகளுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். 2027 கணக்கெடுப்புக்கு அந்தக் கெடு 2025 டிசம்பர் 31. பூட்டிய நிலையில் ஒவ்வொரு பரப்புக்கும் ஓர் எண் தரப்படும். 2011இல் தமிழ்நாட்டுக்குத் தந்த மாநில எண் 33. கடை ரசீதில் நம் வணிகர்களின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்குவது அதனால்தான்.

தென்காசி மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அந்த மாவட்டம் 2019இல்தான் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள். அன்று திருநெல்வேலியில் இருந்த வட்டங்களைப் பின்னால் சேர்த்துக் கூட்டிய எண் அது. மயிலாடுதுறை, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டைக்கும் இப்படித்தான். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், ஆய்வு செய்கிற மாணவர்கள், செய்தி எழுதுகிறவர்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். மக்கள்தொகை எண் ஒன்றை எழுதும்போது, எந்த வட்டம், எந்த ஆண்டின் வட்டம், எந்த வருவாய்க் கிராமம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.