கல்லறையும் செய்தித்தாளும்: கூனிமேட்டை முன்வைத்து

கூனிமேட்டுக்கு வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் கம்பெனிதான். 1680களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்க இங்கே பண்டகசாலை வைத்தது. புனித ஜார்ஜ் கோட்டை ஆவணங்களில் ஊர் 'கோனிமேர்' ஆயிற்று. "எங்க ஊருக்கு வெள்ளைக்காரனே வந்தான்" என்ற பெருமிதம் இந்தத் திரிந்த பெயரிலிருந்து கிளம்புகிறது. வந்தவன் நெடுநாள் தங்கவில்லை. 1690இல், எலிஹு யேல் கவர்னராக இருந்தபோது, மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி வாங்கியது. பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை எல்லை என்று வைத்துக்கொண்டார்கள். கடலூர் பக்கத்தில் குண்டு உப்பலவாடி இன்றும் அந்தக் குண்டைத் தன் பெயரில் சுமக்கிறது. கம்பெனிக்குக் கூனிமேடு தேவையற்றுப் போனது.

யேலின் மகன் டேவிட் நான்கு வயதில் இறந்து சென்னையில் புதைக்கப்பட்டான். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்த இடுகாட்டுச் சமாதிகளை மறைவாகப் பயன்படுத்தியதால், ஆங்கிலேயர் பிற்பாடு அவற்றை இடித்துக் கற்களைக் கோட்டை மாதா கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். டேவிட் கிடக்கிற சமாதி தப்பியது. சட்டக் கல்லூரி வளாகத்திலிருந்து அதை இடம்மாற்றும்படி 2023இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டபோது பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. குழந்தையின் சாவில் எனக்குக் கேலி கிடையாது. ஆனால் முந்நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகும் செய்தியாகிற தகுதி ஒரு சாவுக்கு எங்கிருந்து வருகிறது? கல்லிலிருந்து. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கல்லறைகளும் அப்படித்தான்: பெயர், தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் செதுக்கிக் கிடக்கின்றன.

மரக்காணம் உப்பளங்களில் வெந்தவர்களுக்குக் கல் இல்லை. 1805இல் உப்பு கம்பெனியின் ஏகபோகமானபின் இந்த மாகாணத்து உப்புத் தொழிலாளி ஆவணத்தில் நுழைவது கரிசைக் கணக்கின் வழியாகத்தான். உப்பு எழுதப்படுகிறது, வாரியவர் எழுதப்படுவதில்லை. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்வதை மேடையில் முழங்குகிறோமே, அதில் வருகிற உமணருக்கும் பரதவருக்கும் இன்றைய உப்பளத்துக்கும் குப்பத்துக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டதுண்டா?

சரி, கல் தராததைத் தாள் தருமா? சென்னையின் முதல் செய்தித்தாள் 'மெட்ராஸ் கூரியர்' வந்ததே 1785இல்; அது வெள்ளையருக்கான தாள். 1908 முதல் 1910 வரை பாரதியின் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. அதற்கு பிரிட்டிஷ் எல்லைக்குள் தடை வந்தபோது, கொஞ்ச தூரத்தில் இருந்த கூனிமேடு தடைபோட்டவன் பக்கத்தில் இருந்தது.

இன்றைய தாள்களில் இந்தக் கரை வருவது பெரும்பாலும் சாவு வழியாக. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2023 மே மாதம் எக்கியார்குப்பம்: மெத்தனால் கலந்ததைக் குடித்து, இங்கும் செங்கல்பட்டுப் பக்கமும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தாள்களில் அது 'மரக்காணம் சம்பவம்'. ஊர்ப்பெயரே சாவின் பெயராகிவிட்டது. கள்ளச்சாராயமா விஷச்சாராயமா என்று அரசுத் தரப்பு சொல் பிரித்துக்கொண்டிருந்தது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றதும் விவாதம் பணத்தைப் பற்றியதாயிற்று. செத்தவர்களின் உழைப்பு, அந்த உழைப்பு ஏன் அந்தப் பாக்கெட்டைத் தேடியது, இதெல்லாம் சொல்லாடலுக்குள் வரவே இல்லை.

தாளை முழுக்க ஒதுக்கவும் முடியாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். செய்தியைப் பார்த்த உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. தனிச் சுடுகாட்டுக்கு நிலம் ஒதுக்கியதாக அரசுத் தரப்பு சொன்னபோது, தனிச் சுடுகாடு எதற்கு என்று நீதிபதிகள் கேட்டார்கள். கம்பெனி ஆவணங்களைவிட அந்தக் கேள்விதான் உள்ளூர் வரலாற்றுக்காரனுக்கு நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன். ஏன்னா, ஊருக்கும் சேரிக்கும் குப்பத்துக்கும் தனித்தனியாகப் பிரிந்த இடுகாடுதான் இந்த நாட்டில் சாதி தன் கையால் எழுதிய பிரதி. அதை வாசிக்க லண்டன் போகவேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருவாய் வரைபடத்தைக் கேட்டு வாங்கலாம். அதில் சுடுகாட்டுப் புறம்போக்குக்கு ஒரு புல எண் இருக்கும். எந்தத் தெருவிலிருந்து அந்த எண்ணுக்குப் பாதை வரைந்திருக்கிறது, எந்தத் தெருவிலிருந்து வரையவில்லை என்று பார்க்கணும்.