ஒரே எடை, இரண்டு விலை

கோலார் தங்கவயல் ஸ்கெலட்டனில் எங்கள் வீட்டுக்கு எதிர் லைனில் இருக்கும் அத்தை, போன ஆடி மாதம் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு காசுகளை என் உள்ளங்கையில் வைத்தார். "ரெண்டும் பவுனுதான்னு எங்க மாமியா சொல்லும். பேத்தி காலேஜுக்கு ஒண்ண விக்கணும். எத வித்தா துட்டு சேத்து வரும், பாத்துச் சொல்லு தம்பி."

வாசல் வெயிலில் நின்று பார்த்தேன். இரண்டிலும் 1918. இரண்டிலும் ஐந்தாம் ஜார்ஜ். ஒன்றில் கிரீடமில்லாத வெறுந்தலை. மறுபக்கம் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தை வெட்டும் புனித ஜார்ஜ். எவ்வளவு பெறுமானம் என்று அதில் எங்கும் எழுதவில்லை. மற்றதில் ராஜா கிரீடமும் அங்கியுமாக இருக்கிறார். பின்னால் பூவேலை வளையத்துக்குள் பதினைந்து ரூபாய், இந்தியா என்று பொறித்திருக்கிறது. முதலாவது பம்பாய்ச் சவரன், இரண்டாவது பம்பாய் மொகர். பழங்காசை முதலீடாக வாங்க நினைப்பவர்கள் பத்துப் புத்தகம் படிப்பதைவிட இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்பது என் நம்பிக்கை. உலோகம், எடை, ஊர், ஆண்டு எல்லாம் இரண்டுக்கும் ஒன்று. விலை மட்டும் வேறு.

இரண்டும் 7.99 கிராம், 22 காரட். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம். நாம் இன்று 8 கிராமைச் 'சவரன்' என்று சொல்வதே இந்தக் குதிரைக் காசிலிருந்து வந்ததுதான். நகைக்கடைப் பலகையில் தினமும் எழுதிப்போடும் சவரன் விலை, ஒரு காலத்தில் கையில் எண்ணிக் கொடுத்த நாணயத்தின் பெயர்.

இரட்டைப் பிள்ளைகள்போல இவை பிறந்ததற்குக் காரணம் முதல் உலகப் போர். வெள்ளி விலை ஏறி, வெள்ளி ரூபாயை ஜனங்கள் பதுக்கத் தொடங்கினார்கள். 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்த் தாள் வந்ததும் இந்த நெருக்கடியில்தான். அதே ஆண்டு, இறக்குமதியாகும் தங்கத்தைத் தனக்கே விற்க வேண்டும் என்று அரசு சட்டம் போட்டது. சேர்ந்த தங்கத்தைச் சவரனாக அடிக்க லண்டன் நாணயச் சாலையின் கிளையொன்று பம்பாய்க்கு வருவதாக இருந்தது, வருவதில் தாமதம். அதுவரை காத்திருக்க முடியாமல் பம்பாய் நாணயச் சாலை, சவரனுக்கு அச்சாக அதே எடையிலும் மாற்றிலும் 15 ரூபாய் மொகரை அடித்தது. 1899 முதலே ஒரு சவரன் 15 ரூபாய்க்குச் செல்லும் என்பதுதான் சட்டம். 1918 ஆகஸ்டில் கிளை திறந்தது, சவரன் வந்தது. 1919 ஏப்ரலில் கிளையை மூடிவிட்டார்கள்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். மொகர் சுமார் 21 லட்சம் அடித்தார்கள். சவரன் சுமார் 13 லட்சம். குறைவாக இருப்பதற்குத்தான் விலை கூடும் என்றால் சவரன்தானே முந்த வேண்டும்? சந்தையில் நடப்பது நேர்மாறு. நல்ல நிலையில் உள்ள மொகருக்குச் சேகரிப்பாளர்கள் தங்க விலைக்குமேல் கணிசமாகக் கொடுக்கிறார்கள். சவரன் தங்க விலையை ஒட்டியே நடக்கிறது, கொஞ்சம் மேலே.

காரணம் கேட்டால், சவரனுக்குக் கூடப்பிறந்தவர்கள் ஏராளம். லண்டன், சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா என்று உலகம் முழுக்க அதே குதிரைதான். பம்பாயில் பிறந்தது என்பதற்கு ஒரே அடையாளம், ஆண்டுக்குமேல் தரைக்கோட்டில் உள்ள ஆங்கில 'ஐ' எழுத்து. பூதக்கண்ணாடி இல்லாமல் கண்ணில் படாது. ஒரு நாணயச் சாலையையும் விடாமல் வரிசையாகச் சேர்ப்பவருக்குத்தான் அந்த எழுத்து பொருட்டு. போதாததற்கு 2013 முதல் எம்எம்டிசி-பாம்ப் நிறுவனம் பிரிட்டன் அரச நாணயச் சாலையின் உரிமத்தோடு இந்தியாவிலேயே அதே 'ஐ' போட்டுப் புதுச் சவரன் அடித்தது. மொகரோ 1918 என்ற ஒரே ஆண்டில் வந்து நின்றுபோனது. பிரிட்டிஷ் இந்திய நாணயங்களை வரிசையாகச் சேர்க்கும் எவரும் அதற்கென ஒரு குழி ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் குழியை வேறு எந்தக் காசும் நிரப்பாது.

அடித்த கணக்கு வேறு, மிஞ்சிய கணக்கு வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1917-இல் லண்டனில் அடித்த சவரன் சுமார் 10 லட்சம். பம்பாய்ச் சவரனைவிட மிகக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பகுதி உருகிப் போனதால், இன்று அந்த ஆண்டுச் சவரன் ஒன்றுக்குப் பல ஆயிரம் பவுண்டு கேட்கிறார்கள். விளம்பரத்தில் 'இத்தனைதான் அச்சிட்டோம்' என்று போடுவதைப் பார்த்துக் காசு வாங்குபவர்களைக் கண்டால் எனக்கு மனசு பதறும். எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மறுபாதியை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அப்படியென்றால் மொகரைத்தானே வாங்க வேண்டும்? இங்கேதான் நிதானம் வேண்டும். சவரனை இந்தியாவில் எந்த ஊர் நகைக்கடையிலும் நீட்டலாம். உரசிப் பார்த்து, எடை போட்டு, அன்றைய விலைக்குக் கணக்குப் போடுவார்கள். எங்கள் ராபர்ட்சன்பேட்டை சேட்டுக் கடையில் மொகரை நீட்டினாலும் அதே உருக்குக் கணக்குதான். அதன் கூடுதல் விலையைக் கொடுப்பவர் பெங்களூரிலோ மும்பையிலோ ஏலக் கூடத்தில் இருக்கிறார். அவரிடம் போய்ச் சேர ஏலக் கழிவு உண்டு, அசல்தான் என்று என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்களிடம் சான்று வாங்கும் செலவு உண்டு, மாதக்கணக்கில் காத்திருப்பும் உண்டு. வெளிநாட்டில் விற்கலாம் என்றாலும் வழியில்லை. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. 2018-இல் இந்த இரண்டு காசுகளும் அந்த வயதைத் தாண்டிவிட்டன.

கோலார்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸை மூடியபோது பாறையில் தங்கம் தீர்ந்துவிடவில்லை. டன் பாறையில் கிடைத்த சில கிராம் தங்கத்தைவிட, 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அதை மேலே கொண்டுவரும் செலவு கூடிப்போனது. காசின் கூடுதல் மதிப்பும் பாறைக்குள் இருக்கும் தங்கம்தான். எடுக்கும் செலவைக் கழித்தபின் மிஞ்சுவதே நம்முடையது. மொகரை வாங்கும் நாளிலேயே அதை யாரிடம் விற்போம், எவ்வளவு கழியும் என்று தெரிந்தவர் வாங்கட்டும். தெரியாதவருக்குச் சவரன் நல்லது. விலையில் ஏமாந்தாலும் 7.32 கிராம் தங்கம் கையில் நிற்கும்.

நிலை என்று மேலே சொன்னேன். அதைத்தான் அத்தையின் காசில் கண்ணாரப் பார்த்தேன். சவரனில் குதிரையின் பிடரி தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். மொகரைத் திருப்பி, விளிம்பைப் பூதக்கண்ணாடியில் சுற்றிப் பார்த்தபோது, கிரீடத்துக்கு நேர் மேலே வரிவரியான ரம்பப் பல் ஒரு நெல்மணி அகலத்துக்கு மழுங்கியிருந்தது. அந்த இடத்தில் தங்கம் கொஞ்சம் வெளுத்து, உருகி உறைந்த திட்டாகத் தெரிந்தது. காசு மாலையில் கோக்க யாரோ ஆசாரி காது பற்றவைத்து, பிறகு அறுத்தெடுத்திருக்கிறார். மெருகும் போட்டிருக்கிறார்; ராஜாவின் அங்கியில் இருந்த நுண்வேலை வழுவழுவென்று போயிருந்தது. இப்படிக் காது வைத்த காசைச் சேகரிப்பாளர் தொட யோசிப்பார். தொட்டாலும் தங்க விலையைத் தாண்ட மாட்டார். நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் பழம் பவுன்காசுகள் பெரும்பாலும் கழுத்தில் கிடந்தவை. வாங்குபவர்கள் முகத்தைப் பார்க்கும் முன் விளிம்பைப் பார்க்க வேண்டும்.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?" என்றார் அத்தை.

"இந்த ரெண்டும் ஒண்ணுதான் அத்தை. காது வெக்காம இருந்திருந்தா இது மேல."

கொஞ்ச நேரம் மொகரின் அந்த வெளுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குதிரைக் காசை என்னிடம் நீட்டினார். "இத எடுத்துட்டுப் போலாம். அது மாமியா கழுத்துல கெடந்தது" என்று சொல்லி, மொகரைத் திரும்ப முந்தானையில் முடிந்தார்.