யெல்லோஸ்டோன் கரடிகளும் உணவளிப்புத் தடையும்

அமெரிக்காவில் 1872இல் அமைக்கப்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், விடுதிகளின் எச்சில் உணவு கொட்டப்பட்ட குப்பைமேடுகளுக்குக் கரடிகள் பழகிவிட, அவை உண்பதைக் காண்பதற்கென்றே பார்வையாளர்களுக்கு இருக்கைகள் அமைக்கப்பட்டன. உணவளிக்கக் கூடாது என்னும் விதி 1902இலேயே பிறந்துவிட்டபோதிலும், அதை முதலில் மீறியது பூங்கா நிர்வாகமே எனலாம். 1967இல் அமெரிக்காவின் மற்றொரு தேசியப் பூங்காவான கிளேசியரில், கிரிஸ்லி எனப்படும் பெரும் பழுப்புக் கரடிகளால் ஒரே இரவில் இரு இளம்பெண்கள் கொல்லப்பட்ட பின்னரே தடை இறுகியது. யெல்லோஸ்டோனின் குப்பைமேடுகளைப் படிப்படியாக மூட வேண்டும் என்ற கிரெய்க்ஹெட் சகோதரர்களாகிய ஆய்வாளர்களின் அறிவுரை புறந்தள்ளப்பட்டு, அவை விரைந்து மூடப்பட்டதால், இரை தேடி முகாம்களுக்குள் புகுந்த கரடிகள் பல கொல்லப்பட்டன. 1975இல், அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில், கிரிஸ்லி கரடி அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டது.