சின்ன ஷெட், சில பிளைவுட் ஷீட்... வீட்டிலேயே மரப் படகு கட்டலாமா?

"வீட்டுல ஒரு படகு கட்டப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி, "எதுக்கு?" அடுத்தது, "சரி, கட்டினதுக்கு அப்புறம் அது எப்படி வெளியே போகும்?" முதல் கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் மட்டும் மரத்தில் கை வைக்காதீங்க.

கதையில் வரும் ராபின்சன் குரூஸோவே இதில்தான் மாட்டிக்கொண்டார். தனித்தீவில் பெரிய மரத்தை வெட்டி, மாதக்கணக்கில் குடைந்து ஓடம் செய்தார். வேலை முடிந்த பிறகுதான் அதைத் தண்ணீர்வரை இழுத்துச் செல்ல முடியாது என்பது புரிந்தது. அந்த ஓடம் காட்டிலேயே கிடந்தது. ஷெட்டுக்குள் படகு கட்டுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.

நல்ல செய்தி என்னவென்றால், தச்சு வேலை தெரியாதவர்களும் சின்னப் படகு கட்டலாம். அதற்கு ஒரு தெளிவான வழி இருக்கிறது.

கார் ஷெட்டில் பிறந்த 70,000 படகுகள்

1960-கள் வரை இங்கிலாந்தில் பாய்மரப் படகு என்பது காசு உள்ளவர்களின் பொழுதுபோக்கு. அதை மாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட். இன்னொருவர் பேரி பக்னெல். 'வீட்டு வேலையை நீங்களே செய்யுங்கள்' பாணி டி.வி நிகழ்ச்சிகளால் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் அவர்.

இவர்கள் வடிவமைத்த குட்டிப் படகை 'டெய்லி மிரர்' நாளிதழ் 1963-ல் மக்களிடம் கொண்டுபோனது. பெயரும் 'மிரர்'தான். நீளம் 3.3 மீட்டர், உடல் எடை சுமார் 45 கிலோ, சிவப்பு நிறப் பாய். வெட்டிய பிளைவுட் துண்டுகள் ஒரு 'கிட்' ஆக வரும். விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். வாங்கியவர்கள் கார் ஷெட்டிலும் கொல்லைப்புறத்திலும் வைத்துப் பூட்டினார்கள். இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியிருக்கின்றன.

பொம்மைப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். ஏ.ஜே.மெக்கின்னன் என்ற ஆசிரியர், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு மிரர் படகில் ஏறி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, ஐரோப்பாவின் ஆறுகள், கால்வாய்கள் வழியாகவே ருமேனியாவில் கருங்கடல்வரை போய்ச் சேர்ந்தார்.

இன்னொரு உதாரணம் 'ஆப்டிமிஸ்ட்'. 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், குறைந்த செலவில் பிள்ளைகளுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுக்க கிளார்க் மில்ஸ் பிளைவுட்டில் வடிவமைத்தது. நீளம் சுமார் 2.3 மீட்டர். இன்று ஃபைபரில் வரும் இதே படகில்தான் சென்னைத் துறைமுகத்திலும் சிறுவர்கள் பாய்மரம் பழகுகிறார்கள்.

ஆணி இல்லை... தையல்தான்!

மிரர் இவ்வளவு பேரின் கைக்கு வந்ததற்குக் காரணம், 'தைத்து ஒட்டும்' முறை. பழைய மரப் படகில் முதலில் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் நிறுத்தி, அதன்மேல் பலகைகளை வளைத்துப் பொருத்துவார்கள். ஒவ்வொரு இணைப்பும் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். அதற்குப் பல வருட அனுபவம் வேண்டும்.

தைத்து ஒட்டும் முறையில் அந்தச் சிக்கல் குறைவு. வெட்டிய பிளைவுட் துண்டுகளின் ஓரத்தில் சின்னத் துளைகள் போட்டு, செப்புக் கம்பியால் சட்டைக்குத் தையல் போடுவதுபோல் முறுக்கினால், தட்டையான பலகைகள் தானாகவே படகு வடிவத்துக்கு வளைந்து நிற்கும். உள்பக்க மூலைகளில் பசையும் கண்ணாடி இழை டேப்பும் போட்டு இறுக்கிவிட்டால், அந்த இணைப்பே எலும்பாகிவிடும். 2 மி.மீ இடைவெளி விழுந்தாலும் பசை அதை நிரப்பிவிடும்.

'தைத்த படகு' நமக்குப் புதிதில்லை. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, சென்னைக் கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை. ஆணி அடித்த விறைப்பான படகை அலை அடித்து உடைத்துவிடும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். பிளைவுட் படகில் கம்பித் தையல் தற்காலிகம்தான். பசை இறுகியதும் உருவிவிடுவோம்.

முதலில் கதவை அளங்க

படகின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் ஆசை இல்லை, ஷெட்டின் கதவு.

* கதவின் அகலம், உயரம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். படகைச் சாய்த்து எடுத்துப் போகலாம் என்பதால், படகின் ஆழம், அகலம் இரண்டில் சின்னது எது என்று பாருங்கள். அது தாராளமாக நுழைய வேண்டும். வாசலுக்கு வெளியே திருப்புவதற்கும் இடம் வேண்டும்.
* படகைச் சுற்றி நாலு பக்கமும் குறைந்தது 2 அடி வேண்டும். ஆள் நடக்கணும், குனியணும், இழைக்கணும்.
* வேலைக்கு நடுவில் படகைப் பல முறை கவிழ்க்க வேண்டியிருக்கும். கூரை உயரமும் இரண்டு பேரும் தேவை.
* காற்றோட்டம் கட்டாயம். மழைச்சாரலும் நேர் வெயிலும் படக் கூடாது.

தகர ஷெட், கார் போர்ட்டிகோ, காலியாகிவிட்ட மாட்டுக் கொட்டகை எதுவும் ஓகே. முதல் படகு 8 முதல் 10 அடிக்குள் இருக்கட்டும். இந்த அளவு, இரண்டு பேர் தூக்கிப் போகிற எடையில் முடியும்.

கஞ்சத்தனம் கூடாத இடம்: பிளைவுட்

கடையில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று வாயால் சொல்வதை நம்பாதீங்க. ஷீட்டில் ஐ.எஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இது இந்தியாவின் மரைன் பிளைவுட் தரம். 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்தும் அடுக்குகள் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது இதன் சோதனைகளில் ஒன்று. வெளிநாட்டு வரைபடங்களில் பி.எஸ் 1088 என்று இருந்தால், அது பிரிட்டிஷ் தரம். வீட்டு அலமாரிக்கு வாங்கும் சாதாரண பிளைவுட், படகுக்கு வேண்டவே வேண்டாம்.

8-க்கு 4 அடி ஷீட், 6 மி.மீ தடிமன் சின்னத் துடுப்புப் படகுக்குப் போதும். வாங்கும்போது ஓரத்தைக் குனிந்து பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். உள்ளே காற்று இருக்கும் இடத்தில் பின்னாளில் தண்ணீர் தேங்கும், மரம் அழுகும்.

கட்டும் வரிசை

1. வரைபடம்: சொந்தமாக வடிவம் கண்டுபிடிக்கிற வேலை முதல் படகில் வேண்டாம். பலர் கட்டி மிதக்கவிட்ட ஒரு வரைபடத்தை வாங்குங்கள். பிறகு அட்டையில் 1:10 அளவில் வெட்டி, செல்லோ டேப் ஒட்டி, மாதிரி செய்யுங்கள். எந்தத் துண்டு எங்கே போகிறது என்பது ஒரே நாளில் புரிந்துவிடும்.

2. வரைதல்: அளவுப் புள்ளிகளைப் பிளைவுட்டில் குறித்து, அவற்றை ஒட்டிச் சின்ன ஆணிகள் அடித்து, நீளமான மெல்லிய ரீப்பரை வளைத்துக் கோடு போடுங்கள். ஒரு புள்ளி மட்டும் ரீப்பரில் ஒட்டாமல் துருத்தினால், அந்த அளவைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

3. வெட்டுதல்: ஜிக்சாவால் கோட்டுக்கு 1 மி.மீ வெளியே வெட்டி, இடது, வலது துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இழைப்புளியால் ஒன்றாக இழைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வரும். 8 அடிக்கு மேல் நீளம் வேண்டுமென்றால் இரண்டு ஷீட்டின் ஓரங்களையும் சரிவாக இழைத்து, ஒன்றின்மேல் ஒன்றை ஒட்ட வேண்டும். தடிமனைப்போல் 8 மடங்கு சரிவு என்பது வழக்கம். 6 மி.மீ பலகைக்கு 48 மி.மீ.

4. தையல்: 10 முதல் 15 செ.மீ இடைவெளியில் துளை. கம்பிகளை முதலில் தளர்வாக முறுக்கிவையுங்கள். எல்லாம் சேர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

5. நூல் பிடித்தல்: படகு கட்டுவதிலேயே முக்கியமான அரை மணி நேரம் இதுதான். அணியத்தின் நடுவிலிருந்து பின்பக்கம்வரை நூல் பிடித்து, குறுக்குச் சட்டங்களின் நடுப்புள்ளி அதில் விழுகிறதா என்று பாருங்கள். படகின் குறுக்கே முன்னால் ஒரு ரீப்பர், பின்னால் ஒரு ரீப்பர் வைத்து, தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லையென்றால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு ஆப்பு வைத்துச் சரிசெய்துவிடலாம். பசை இறுகிய பிறகு முடியாது. முறுக்கிய படகு ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

6. ஒட்டுதல்: தையல்களுக்கு நடுவே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பசை வைத்து, இறுகியதும் கம்பிகளை உருவுங்கள். எபாக்ஸியில் நைஸான மரத்தூளைக் கலந்து, கெட்டித் துவையல் பதத்துக்குக் கொண்டுவந்து, உள்மூலை முழுக்க நிரப்பி, கரண்டியின் முதுகால் இழுத்துவிடுங்கள். அதன்மேல் கண்ணாடி இழை டேப் வைத்து எபாக்ஸியால் நனையுங்கள். டேப் வெள்ளையாகத் தெரிந்தால் பசை போதவில்லை. கண்ணாடி மாதிரி ஆனால் சரி. பிறகு படகைக் கவிழ்த்து, வெளி மூலைகளை உருட்டையாக இழைத்து, அங்கேயும் டேப்.

7. மேல்விளிம்பு: நீளமான சட்டங்களை இரு ஓரமும் வளைத்து ஒட்டும்போது அரை அடிக்கு ஒரு கிளாம்ப் தேவைப்படும். எத்தனை வைத்திருந்தாலும் பத்தாது. பிளாஸ்டிக் பைப்பைச் சின்ன வளையங்களாக அறுத்து, ஒரு பக்கம் கீறிவிட்டால் மலிவான கிளாம்ப் ரெடி.

எபாக்ஸி: நண்பன்தான்... ஆனால் உஷார்!

பல பேருக்குப் பிளைவுட்டைவிட எபாக்ஸி பில்தான் அதிகம் வரும். அதனால் வீணாக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் சொன்ன விகிதத்தில்தான் கலக்க வேண்டும். 'சீக்கிரம் காயட்டும்' என்று ஹார்டனரைக் கூட்டினால், அது கடைசிவரை இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். கலந்த பசை தானே சூடாகும். ஆழமான டம்ளரில் நிறைய வைத்திருந்தால் புகையே வரும். கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வெயிலில் நேரம் இன்னும் குறைவு.

பூசுவதற்குச் சாயங்காலம்தான் நல்லது. வெயில் ஏறும் நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் குமிழிகளாக வெளியே வரும். சூடு தணியும் நேரத்தில் மரம் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடுத்து, உடம்பு. எபாக்ஸி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அலர்ஜி வரலாம். ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு லேசாகப் பட்டாலே தடிக்கும். அதோடு படகு வேலையையே விட வேண்டிவரும். கையுறை கட்டாயம். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான். தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், அது பசையைத் தோலுக்குள்ளேயே கொண்டுபோகும். உப்புத்தாள் தேய்க்கும்போது தூசுக்கான முகமூடி போடுங்கள். முழுசாக இறுகாத பசையைத் தேய்க்கவே வேண்டாம்.

கடைசியாகப் பெயின்ட் அல்லது வெயில் தாங்கும் வார்னிஷ். அழகுக்காக மட்டும் இல்லை. வெயில் நேரடியாகப் பட்டால் எபாக்ஸி கெட்டுவிடும்.

உயிர் காக்கும் காற்றறைகள்

கணக்கு எளிது. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் தட்டையான அடிப்பகுதி 10 செ.மீ மூழ்கினால், 200 லிட்டர் தண்ணீரைத் தள்ளும். அதாவது படகு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 200 கிலோ தாங்கும். ஆனால் படகுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது காப்பாற்றுவது, முன்னாலும் பின்னாலும் இருக்கைகளுக்குக் கீழே அடைத்து வைத்த காற்றறைகள்தான். 1 லிட்டர் காற்று, ஏறக்குறைய 1 கிலோவைத் தாங்கும். வரைபடத்தில் இருக்கும் காற்றறையைச் சாமான் வைக்கும் பெட்டியாக மாற்றிவிடாதீர்கள்.

முதல் தடவை இறக்கும்போது, இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே படகை நிரப்பிப் பாருங்கள். நிரம்பிய பிறகும் அது உங்களைத் தாங்கி மிதந்தால்தான் வேலை முடிந்தது. ஊர் ஏரியோ, உப்பங்கழியோ, இறக்குவதற்கு முன் அதற்குப் பொறுப்பான துறையிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

கோணலாக ஒரு வெட்டு, மேடு பள்ளமாக ஒரு பூச்சு, இதெல்லாம் எல்லாருடைய முதல் படகிலும் இருக்கும். உப்புத்தாளும் பட்டியும் அதைப் பார்த்துக்கொள்ளும். பிளைவுட்டின் தரம், பசையின் விகிதம், காற்றறை... இந்த மூன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். ஏனென்றால், அடுத்த முறை முன்சீட்டில் உட்காரப்போவது, "எதுக்கு?" என்று கேட்ட அதே ஆளாக இருக்கலாம்.

இப்போதைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஷெட் கதவை அளந்துவிட்டு வாங்க!