அருந்ததியின் துணை

கிள்ளான் கோயிலானாலும் பிரிக்பீல்ட்ஸ் மண்டபமானாலும், நம் திருமணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது வழக்கம். சங்கப் புலவர்கள் 'வடமீன்' என்று போற்றியது இதைத்தான்.

பதினேழாம் நூற்றாண்டிலேயே தொலைநோக்கி, அருகிலுள்ள வசிஷ்டர் இரட்டை விண்மீன் எனக் காட்டிவிட்டது. 1889இல் ஹார்வர்டு வானாய்வகத்தார், அவ்விரண்டில் ஒன்றும் இரட்டையே என்று கண்டனர். அருந்ததியோ தனி விண்மீன் என்றே பெரும்பாலும் கருதப்பட்டது.

2009இல் அமெரிக்காவின் பாலோமர் மலையில், அருந்ததியின் வெள்ளொளியை மறைத்துப் பார்த்தனர். பக்கத்தில் மங்கலான சிவப்பு விண்மீன் ஒன்று! 103 நாள் கழித்துப் பார்த்தபோது இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருந்தன. துணைதான் என உறுதியாயிற்று. அதன் எடை நம் சூரியனில் ஏறத்தாழ கால் பங்கே, வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

அருந்ததியின் ஒளி நம்மை அடையச் சுமார் 82 ஆண்டுகள் ஆகின்றன. இன்று நாம் காண்பது 1940களில் புறப்பட்ட ஒளி. தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன காலம் அது. அருந்ததி பார்த்து மணந்த பெண்கள் பலர், திரும்பி வராத துணைக்காகக் காத்திருந்தார்கள்.

மே, ஜூன் மாத முன்னிரவில், தெருவிளக்கில்லாத திடலில் நின்று வடக்கே பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், அந்தக் கதையையும் சொல்லுங்கள்.